வீட்டில் கட்டிய 5 வாட் வானொலிக் கருவியுடன் ஏற்காட்டில் மூன்று மணி நேரம்: யாரும் பதில் தரவில்லை, பிழை எங்கே?

சேலம்_சுருள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற சுற்றைப் பின்பற்றி, 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் எஸ்எஸ்பி முறையில் குரலை அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவி ஒன்றை ஆறு மாத காலம் மாலை வேளைகளில் உட்கார்ந்து கட்டி முடித்தேன். ஆற்றலைப் பெருக்கும் இறுதி நிலையில் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் 13.8 வோல்ட் மின்விநியோகத்தில், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக வைக்கும் மின்தடை) அளந்தபோது 5 வாட் வந்தது. மொட்டை மாடியில் கட்டியிருக்கும் டைபோலில் (நடுவில் கேபிள் சேரும் இருகைக் கம்பி ஆன்டெனா) மதுரை, பெங்களூரு நண்பர்களுடன் பேசியும் பார்த்துவிட்டேன். ஆனால் எங்கள் தெருவில் எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல், குறியின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் எஸ்7 வரை நிற்பதால், கேட்பதே பெரும்பாடாகிவிடுகிறது.

அதனால் சென்ற சனிக்கிழமை கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். தெரிந்தவரின் காபித் தோட்டம் என்பதால் இடத்துக்குக் குறையில்லை. ஆன்டெனா 20.1 மீட்டர் நீளமுள்ள எண்ட்ஃபெட் (ஒரு முனையில் ஊட்டும்) கம்பி. அதற்கான, மின்னெதிர்ப்பை 49க்கு 1 ஆக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மரை, பழைய கணினி மின்விநியோகப் பெட்டியிலிருந்து கழற்றிய பச்சை நிற வளையத்தில் 2 சுற்றும் 14 சுற்றுமாக நானே சுற்றினேன். கம்பியின் ஒரு முனையை மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு கிளையில் கட்டி, மீதியைக் காபிச் செடிகளின் மேலாக விரித்துவிட்டேன். பெரும்பகுதி ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருந்திருக்கும். கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே 15 மீட்டர் ஆர்ஜி-174 கேபிள். மின்சாரத்துக்குப் பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த 18650 செல்கள் மூன்றைத் தொடராக இணைத்திருந்தேன்.

ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் 1.2 என்று இருந்தது (1 என்றால் எதுவும் திரும்பவில்லை). இரைச்சல் எஸ்1க்கு மேல் இல்லை. இவ்வளவு தெளிவாக இந்த அலைவரிசையை நான் கேட்டதே இல்லை. காலை 11.30 மணி முதல் பிற்பகல் 2.30 மணி வரை மாறி மாறி அழைத்தேன். ஒருவர் மட்டும் "யாரோ இருக்கிறீர்கள், அழைப்புக்குறி புரியவில்லை" என்று சொல்லிவிட்டு வேறொருவருடன் பேசத் தொடங்கினார். மற்ற யாருக்கும் நான் இருப்பதே தெரியவில்லை. 5 வாட் என்பது குரலுக்குப் போதாதா? 50 வாட் பெருக்கி ஒன்று கட்டலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஈயப்பற்று எழுதியது:

வணக்கம் நண்பரே. பெருக்கியைப் பற்றிய யோசனையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். உங்கள் ஆன்டெனா முனைக்கு உண்மையிலேயே 5 வாட் போய்ச் சேர்ந்திருந்தால், ஒரு சிலராவது உங்களைக் கேட்டிருப்பார்கள். 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள இடைவெளி 13 டெசிபெல். எஸ் அலகுக்கு 6 டெசிபெல் என்று கொண்டால் இரண்டு அலகுக்குச் சற்று மேல். 100 வாட்டில் எஸ்9 ஆகக் கேட்கும் நிலையம் 5 வாட்டில் எஸ்7 அளவில் கேட்கும். நகரத்தில் எஸ்7 இரைச்சலோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்காமல் போகலாம். ஆனால் மூன்று மணி நேரம் அத்தனை பேருக்கும் கேட்காமல் போகாது.

எனக்கு ஐயம் தருவது அந்தப் பச்சை வளையம்தான். கணினி மின்விநியோகப் பெட்டியின் நுழைவாயிலில், வீட்டு மின்கம்பிக்கு இரைச்சல் திரும்பிச் செல்லாமல் தடுக்கும் வடிகட்டியில் இருக்கும் பச்சை வளையங்கள் பெரும்பாலும் மாங்கனீஸ் துத்தநாகப் பெரைட் என்ற காந்தப் பொருளால் ஆனவை. சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை அவை அருமையாக வேலை செய்யும். 7 மெகாஹெர்ட்ஸில் அவை காந்த உள்ளகமாக இருப்பதை விட்டுவிட்டு ஒரு மின்தடையைப் போல நடந்துகொள்ளும். நீங்கள் ஊட்டும் ஆற்றலில் ஒரு பெரும் பங்கு வெப்பமாகிவிடும். எஸ்டபிள்யூஆர் மீட்டரோ, திரும்பி எதுவும் வரவில்லை என்பதால், எல்லாம் நலம் என்று காட்டும். டம்மி லோடுக்கும் எஸ்டபிள்யூஆர் 1தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஆன்டெனாக் கம்பியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, நானோவிஎன்ஏ என்ற சிறு அளவி கொண்டு 7.1 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் எவ்வளவு என்று பாருங்கள். ஆற்றல் போக வேறு இடம் இல்லாததால் அது மிகப் பெரிய எண்ணாக ஏற வேண்டும். கம்பியே இல்லாதபோதும் 2 அல்லது 3 என்று அடக்கமாக நின்றால், ஆற்றலை விழுங்குவது எது என்பது தெரிந்துவிடும். ஒரு முறை கேபிளோடும், ஒரு முறை டிரான்ஸ்ஃபார்மரின் முனையில் நேராகவும் அளந்து எழுதுங்கள். அத்துடன், கருவி அனுப்பும் நிலையில் இருக்கும்போது, நீங்கள் குரல் கொடுக்கையில், கருவியின் முனையில் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பாருங்கள். பழைய மடிக்கணினிச் செல்களை நான் நம்புவதில்லை.

கழியும்_கயிறும் எழுதியது:

ஈயப்பற்று அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் காபிச் செடியின் மேல் கிடந்த கம்பியை விட்டுவிட முடியாது. 40 மீட்டர் அலைநீளத்துக்கு ஒன்றரை மீட்டர் உயரம் என்பது தரையில் போட்டதற்குச் சமம். ஈரமான இலைகளும் மண்ணும் பல டெசிபெல்லைத் தின்றுவிடும். கேட்கும்போது இது தெரியாது. ஏனென்றால் வரும் குரலும் இரைச்சலும் ஒரே அளவில் குறைகின்றன. அமைதியான இடம் என்று நீங்கள் மகிழ்ந்ததில் ஒரு பங்கு ஆன்டெனாவின் மந்தத்தால் வந்ததாகக்கூட இருக்கலாம்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஏழு மீட்டர் நீளும் கண்ணாடியிழைத் தூண்டில் கழி ஒன்றை வைத்திருக்கிறேன். கடையில் வாங்கும்போது கார்பன் கழியாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கழியை ஒரு வேலிக்கல்லிலோ மரத்திலோ கட்டி நிறுத்தி, உச்சியில் டைபோலின் நடுவை மாட்டி, இரு கைகளையும் கூடாரம் போலச் சரித்து, முனைகளை நைலான் கயிற்றால் தாழ்வான கிளைகளில் கட்டிவிடுவேன். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும்; 7.1க்கு ஏறத்தாழ 20.1 மீட்டர், கைக்குப் பத்து மீட்டர். சரித்துக் கட்டும்போது சற்று நீளமாகவே தெரியும் என்பதால், முனையை மடக்கி மடக்கிச் சரி செய்துகொள்வேன். டைபோலுக்கு டிரான்ஸ்ஃபார்மரே வேண்டாம் என்பதுதான் அதன் பெரிய சிறப்பு. பச்சை வளையம், சிவப்பு வளையம் என்ற குழப்பத்துக்கே இடமில்லை.

மலை உச்சியைத் தேடி மூச்சு வாங்க ஏற வேண்டியதும் இல்லை. சேலத்திலிருந்து மதுரைக்கோ பெங்களூருக்கோ பேச நம் அலை ஏறக்குறைய நேர் மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு இறங்க வேண்டும். ஆறேழு மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோல் அதைத்தான் செய்கிறது. உச்சியின் உயரம் 2 மீட்டர் அலைவரிசைக்குத்தான் பெரிதும் உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள். தோட்டங்களின் ஊடே போகும் மின்வாரியக் கம்பிகளுக்கு அருகில் கழியையோ கயிற்றையோ ஒருபோதும் எறியாதீர்கள். கோடை மாலையில் தொலைவில் இடி கேட்டாலே கம்பியைக் கழற்றிவிடுங்கள். உரிமத்தில் நிலைய முகவரி இருப்பதால், வெளியிடத்தில் இயக்குவது பற்றிய அதன் நிபந்தனைகளையும் போகும் முன் ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

சேலம்_சுருள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அளந்து பார்த்தேன். பார்த்தபின் தூக்கம் வரவில்லை. ஆன்டெனாக் கம்பி இல்லாமல், 15 மீட்டர் கேபிளின் முனையில் எஸ்டபிள்யூஆர் 1.5. கேபிளையும் நீக்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரில் நேராக அளந்தால் 1.8. மின்கலத்தைப் பொறுத்தவரை, பேசாமல் இருக்கும்போது 12.3 வோல்ட், மைக்கில் நீட்டி "ஹலோ" என்றால் 10 வோல்ட்டுக்கு இறங்குகிறது. கருவிக்கு நான் இழுத்திருந்த கம்பியும் மெல்லியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அன்றைக்கு எவ்வளவுதான் வெளியே போயிருக்கும்?

ஈயப்பற்று எழுதியது:

கணக்குப் போட்டுவிடலாம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டியே ஆற்றல் கூடும், குறையும் என்று கொண்டால், 13.8 வோல்ட்டில் 5 வாட் கொடுத்த கருவி 10 வோல்ட்டில் ஏறக்குறைய 2.6 வாட்தான் கொடுக்கும். பாதி அங்கேயே போய்விட்டது. ஆர்ஜி-174 மெல்லிய கேபிள். 7 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு ஒரு டெசிபெல்லை ஒட்டி இழக்கும். 15 மீட்டருக்கு 1.4 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வளையம். கம்பி இல்லாமல் 1.8 என்றால், உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளீட்டுக்கு இணையாக ஏறக்குறைய 90 ஓம் மின்தடை ஒன்றை வைத்ததுபோல நடந்துகொள்கிறது என்று பொருள். அரையலைக் கம்பியின் முனையில் மின்னெதிர்ப்பு பல ஆயிரம் ஓம் இருக்கும். அது 5000 ஓம் என்றால், 49ஆல் வகுக்க, உள்ளீட்டில் 100 ஓம் ஆகத் தெரியும். நல்ல உள்ளகமாக இருந்திருந்தால் எஸ்டபிள்யூஆர் 2 என்று மீட்டர் உண்மையைச் சொல்லியிருக்கும். இங்கே 100 ஓமுக்கு இணையாக 90 ஓம் நிற்பதால் மொத்தம் 47 ஓம் ஆகி, மீட்டர் கிட்டத்தட்ட 1 என்று உங்களைத் தட்டிக்கொடுத்திருக்கிறது. ஆற்றலில் பாதிக்கு மேல் வளையத்துக்குள் போனதால் கிடைத்த அழகான எண் அது. இழப்பு 3 டெசிபெல்லுக்குச் சற்று அதிகம்.

எல்லாவற்றையும் சேர்த்தால், கம்பியைச் சென்றடைந்தது 0.9 வாட். அதன் பிறகு காபிச் செடிகள் எடுத்துக்கொண்ட பங்கு தனி. அதே வளையத்தின் பின்னால் 50 வாட் பெருக்கியை வைத்திருந்தால் மின்கலத்திலிருந்து எட்டு ஆம்பியர் அளவுக்கு இழுத்து, அந்த ஆற்றலில் பாதியைக் கொண்டு வளையத்தைக் கொதிக்க வைத்திருப்பீர்கள்.

மாற்றும் வழி எளிது. எஃப்டி82-43 என்ற வளையத்தை வாங்குங்கள். 43 என்பது நிக்கல் துத்தநாகக் கலவை. இந்த வேலைக்கு எல்லோரும் எடுப்பது இதுதான். சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் எண்ணைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய இயலாது. பெரைட் வளையங்களில் எதுவும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. எங்கே வாங்கினாலும் முதலில் அந்தக் கம்பியில்லாச் சோதனையைச் செய்துவிடுங்கள். 3 சுற்றும் 21 சுற்றும் போட்டால் அதே 49க்கு 1 கிடைக்கும். 2 சுற்றைவிட 3 சுற்றில் உள்ளீட்டின் தூண்டல் இரு மடங்குக்கு மேல் உயர்வதால், 40 மீட்டரில் இழப்பு குறையும். உள்ளீட்டுக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்று போடுங்கள். 20 மீட்டருக்குப் போகும்போது அதன் அருமை தெரியும். கேபிளை ஆர்ஜி-58 ஆக்கி, ஏழு மீட்டருக்குக் குறைத்தால் இழப்பு கால் டெசிபெல்தான். மின்கலத்துக்கு நான்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களைத் தொடராக இணைத்த 6 ஆம்பியர் மணி நேரப் பொதி போதும், 12.8 வோல்ட்டை ஒட்டி அசையாமல் நிற்கும்.

கழியும்_கயிறும் அவர்கள் டைபோலைப் புகழ்ந்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடுவில் கேபிளின் எடையைத் தாங்கத் தூண்டில் கழி வளைந்து தொங்குவதைப் பார்த்து நொந்தவன் நான். அதனால் நடைப்பயணத்துக்கு எண்ட்ஃபெட், காரில் போனால் டைபோல் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். எண்ட்ஃபெட் கம்பியையும் நடுவில் கழியால் தூக்கிச் சரித்துக் கட்டலாம்.

காலை_அலை எழுதியது:

கருவியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள். நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 11.30 முதல் 2.30 வரை என்பது 40 மீட்டருக்கு ஒரு நாளின் மிக மோசமான பொழுதுகளில் ஒன்று. சூரியன் உச்சியில் நிற்கும்போது அயனி மண்டலத்தின் அடியிலுள்ள டி அடுக்கு அடர்த்தியாகி, மேலே போகும் அலையை ஒரு முறையும், இறங்கும் அலையை ஒரு முறையும் உறிஞ்சுகிறது. அலைவெண் குறையக் குறைய இந்த உறிஞ்சல் கூடும். 100 வாட் வைத்திருப்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். ஒரு வாட்காரருக்கு அது சுவர்.

நம் ஊருக்கென்று ஒரு வசதியும் இருக்கிறது. புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் அமைத்திருப்பதும் அதனால்தான். இந்தப் பகுதியில் பகலில், அலையைத் திருப்பி அனுப்பும் மேலடுக்கான எஃப் அடுக்கு வலுவாக இருப்பதால், 7 மெகாஹெர்ட்ஸ் அலை நேர் மேலே போனாலும் திரும்பி வந்துவிடும். ஐரோப்பியர்கள் இப்படி அருகில் பேசுவதற்காகவே பல நாட்களில் 80 மீட்டருக்கு இறங்க வேண்டியிருக்கும். எஃப் அடுக்கு வலுவடைந்து, டி அடுக்கு இன்னும் தடிக்காத காலை 7 முதல் 9.30 வரையுள்ள நேரமே குறைந்த ஆற்றலுக்கு உகந்தது. மாலை 4 மணிக்குப் பிறகும் நன்றாக இருக்கும். விடியலுக்கு முன் எஃப் அடுக்கு மெலிந்துவிடுவதால் மதுரை மறைந்து தொலைநாடுகள் கேட்கும். சில இரவுகளில் குரல்கள் நீருக்கடியிலிருந்து வருவதுபோல நடுங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் காந்த நடுக்கோட்டின் கைவரிசைதான்.

இன்னொன்று. குறைந்த ஆற்றலில் பொது அழைப்பு விடுத்துக் காத்திருப்பது வீண் வேலை. இருவர் பேசி முடிக்கும் இடத்தில் காத்திருந்து, அவர்கள் விடைபெற்ற அந்த நொடியில் உங்கள் அழைப்புக்குறியை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள். அப்போது இரு காதுகளாவது அந்த அலைவெண்ணில் விழிப்போடு இருக்கும். யாரும் இல்லாதபோது, இணையத்தில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் ஏதேனும் ஒரு தொலைவிடப் பெறுநரைக் கைப்பேசியில் திறந்து, உங்கள் குரலை நீங்களே கேட்டும் பார்க்கலாம்.

தந்திச்சாவி எழுதியது:

மோர்ஸ் கற்றுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்ல வேண்டுமல்லவா, நானே சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்பி குரல் 2400 ஹெர்ட்ஸ் அகலத்தில் பரவுகிறது. மோர்ஸைக் கேட்க 400 ஹெர்ட்ஸ் வடிகட்டி போதும். உள்ளே வரும் இரைச்சல் ஆறில் ஒரு பங்காகக் குறைவதால், ஏறக்குறைய 8 டெசிபெல் இலவசமாகக் கிடைக்கிறது. 1976இல் அமெரிக்காவின் டக் டிமா இரண்டே டிரான்சிஸ்டர்களை வைத்து, காலி மீன் டப்பாவின் மேல் ஒரு பரப்பி கட்டிக் காட்டினார். அரை வாட்டுக்கும் குறைவான ஆற்றல்தான். இன்றைக்கும் ஆட்கள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் 0.9 வாட்டை எங்கள் கூட்டத்தில் யாரும் குறைவென்று சொல்ல மாட்டார்கள். 7.030ஐ ஒட்டிக் கேட்டுப் பாருங்கள்.

சேலம்_சுருள் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தந்திச்சாவி ஐயா, மோர்ஸ் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். 'எல்' எழுத்துக்கும் 'எஃப்' எழுத்துக்கும் இன்னும் தடுமாறுகிறேன்.

புதிய வளையத்தில் 3 சுற்று, 21 சுற்று போட்டுக் கம்பியில்லாமல் அளந்ததில் எஸ்டபிள்யூஆர் 10க்கு மேல் போனது. கெட்ட எண்ணைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்தது இதுவே முதல் முறை. மின்கலத்தையும் கேபிளையும் மாற்றினேன். அதே தோட்டத்தில், கம்பியின் நடுவை ஆறு மீட்டர் உயரத்தில் மூங்கில் கழியால் தூக்கிக் கட்டி, ஞாயிறு காலை 7.15க்குத் தொடங்கினேன். எஸ்டபிள்யூஆர் 1.7, அப்படியே விட்டுவிட்டேன். பெங்களூரு 57 (தெளிவு 5, வலிமை 7) கொடுத்தது, மதுரை 55, திருவனந்தபுரம் 55. ஒன்பது மணிக்கு ஐதராபாத்தில் ஒருவர் 43 கொடுத்து, என் அழைப்புக்குறியை நான்கு முறை கேட்டு எழுதிக்கொண்டார். பிட்எக்ஸ் பிறந்த ஊருக்கே அதன் குரல் போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஒரு நிறைவு.

ஒரு குறை. வெயில் பெட்டியின் மேல் விழத் தொடங்கியதும் அலைவெண் பத்து நிமிடத்தில் 400 ஹெர்ட்ஸ் அளவுக்கு நகர்ந்துவிட்டது. திருவனந்தபுரம் நண்பர் என் குரல் வாத்துபோல ஆகிவிட்டதாகச் சொன்னார். துண்டை நனைத்துப் பெட்டியின் மேல் போட்டுச் சமாளித்தேன்.

ஈயப்பற்று எழுதியது:

வாழ்த்துகள். ஈரத்துண்டை உடனே எடுத்துவிட்டுக் காய்ந்த துண்டை ஒரு குச்சியில் கட்டிப் பந்தல் போடுங்கள். ஐஆர்எஃப்510இன் உலோகத் தகடு டிரெய்ன் என்ற மின்முனையோடு இணைந்தது, அங்கே நீர் சொட்டினால் கதை முடிந்தது. அலைவெண் நகர்வுக்கு, அலையாக்கிச் சுற்றில் சாதாரணப் பீங்கான் மின்தேக்கிகள் இருந்தால் அவற்றை வெப்பத்தில் மதிப்பு மாறாத என்பி0 வகைக்கு மாற்றுங்கள். அதிலும் அடங்கவில்லை என்றால் எஸ்ஐ5351 சில்லை வைத்து ஒரு சிறு அலையாக்கிப் பலகை கட்டிக்கொள்ளலாம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வரைபடம் தருகிறேன்.

அந்தப் பச்சை வளையத்தை எறிந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் அதிகம் இரையும் சார்ஜரைக் கண்டுபிடித்து, அதன் கம்பியை வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். விழுங்குவதில் அதற்கு இணையில்லை. அங்கே அது நமக்கு வேண்டிய வேலை.

73 (வாழ்த்துகள்).